தெற்குப் பார்த்த கல்வீடு

வீடு பார்க்கப் போன அன்று என் கணவர் உடனே உள்ளே போகவில்லை. வாசலில் நின்று சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தார். நான் கூரைத் தகரத்தில் துருவைப் பார்த்தேன், மழைத்தண்ணீர்ப் பீலி வளைந்திருந்ததைப் பார்த்தேன், வாசற்படிக் கல்லில் பச்சைப் பாசி பிடித்திருந்ததைப் பார்த்தேன். கவலைப்பட எங்கே என்ன இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது என் சுபாவம். தேடினால் கிடைக்காமலும் போவதில்லை. அவர் சுவரை மட்டும் பார்த்தார். கதவு நிலையில் சுவரின் தடிப்பு முழுதாகத் தெரிந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளந்தார். அதற்குப் பிறகும் சுவர் மிச்சமிருந்தது.

"இது தாங்கும்" என்றார்.

எதைத் தாங்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் வன்னியில் பிறந்தவர். கடைசிச் சண்டையில் இடத்துக்கு இடம் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டி வெட்டி நகர்ந்து, கடைசியில் படகேறி வந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து விமானத்தில் படிக்க வந்து, சிட்னியில் கிரவீனில் சித்தி வீட்டில் இருந்து, கலியாணத்துக்குப் பிறகு மெல்பேர்ணுக்கு மாறியவள். பேசுவது ஒரே தமிழ்தான், பயங்கள்தான் வேறு. நான் பயப்படுவது நாளைக்கு என்ன நடக்குமோ என்று. அவர் பயப்படுவது எப்போதோ நடந்து முடிந்தவற்றுக்கு. அவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்?

அதற்கு முன் நாங்கள் ஸ்பிரிங்வேலில் ஒரு யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தேத்தண்ணீர் கலக்கும் கரண்டிச் சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்கும். சுவர் என்பது இரண்டு மட்டைக்கு நடுவில் காற்று. கையால் குத்தினால் ஓட்டை விழும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கட்டிலுக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே அலுமாரியை இழுத்து வைத்துவிட்டுத்தான் படுப்பார். அப்படியும் நித்திரை வராது. மகள் பிறந்த பிறகு அவளுடைய தொட்டிலுக்கும் ஒரு புத்தக அலுமாரி காவல் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள், படிக்கிற குடும்பம் என்று மெச்சிவிட்டுப் போவார்கள்.

மேற்குப் பக்கம், பொயிண்ட் குக்கைத் தாண்டிப் போனால் வீடுகள் முடிந்து மரக்கறித் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் அவருக்கு மேற்பார்வை வேலை கிடைத்தது. வேலையோடு வீடும் வந்தது. தோட்டத்தின் நடுவே, சைப்பிரஸ் மரங்களுக்குப் பக்கத்தில், கருநீலக் கல்லில் கட்டிய பழைய பண்ணைவீடு. தோட்டத்தின் சொந்தக்கார அம்மாவின் பூட்டன் இங்கிலாந்திலிருந்து வந்து, இந்த வெளியில் கிடந்த எரிமலைக் கல்லையே பொறுக்கிச் செதுக்கிக் கட்டியது. அரசாங்கம் பாதுகாக்கும் கட்டடங்களில் ஒன்று என்பதால் அதை இடிக்கவும் முடியாது, கூட்டிக் கட்டவும் முடியாது. அந்த அம்மா வசதியாக நகரத்தில் ஒரு புது வீட்டில் இருந்தார். ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். முகப்பு ஒரு குழந்தை கீறிய வீடு போல இருக்கும்: நடுவில் கதவு, இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒவ்வொரு யன்னல், கூரையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு புகைபோக்கி. கதவைத் திறந்தால் நேரே ஒரு நடை. நடைக்கு இந்தப் பக்கம் இரண்டு அறை, அந்தப் பக்கம் இரண்டு அறை. முன் அறைகள் பெரியவை, உயரமானவை, ஒவ்வொன்றிலும் கல் வைத்துக் கட்டிய பயர்பிளேஸ். பின்னால், கூரையைச் சரித்து இறக்கி, நம்மூரில் பத்தி இறக்குவது போல, குசினியும் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையும். அந்தச் சின்ன அறைக்குள் போக ஒரு படி கீழே இறங்க வேண்டும். சுற்றிவரக் கல் பலகை பதித்த தட்டு. அது பால் அறை என்றார் அந்த அம்மா. கறந்த பாலை ஆடை கட்ட விட்டு வைக்கும் இடம். பத்தியின் சுவர் மட்டும் பலகை, மற்றதெல்லாம் கல்.

கல் என்றால், ஒற்றைச் சுவர் இல்லை. வெளியே ஒரு கல்வரிசை, உள்ளே ஒரு கல்வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இரண்டு வரிசையும் பிரிந்து போகாமலிருக்க அங்கங்கே நீளமான கல்லைக் குறுக்கே கொடுத்திருந்தார்கள். யன்னல் வெளியே ஒடுக்கமாகவும் உள்ளே வரவர விரிந்தும் இருக்கும், வருகிற கொஞ்ச வெளிச்சமும் அறைக்குள் பரவட்டும் என்று. யன்னலடியில் அமர்ந்து படிக்கக் கூடிய அளவுக்கு அகலமான திண்டு. மகள் முதல் நாளே அதில் ஏறி உட்கார்ந்து, இது தன் கப்பல் என்றாள். அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்துவிட்டார்.

எங்கள் ஊரில் கல்வீடு என்பது ஒரு வீட்டின் வகையல்ல, அது ஒரு தகுதி. கலியாணம் பேசும்போது, கல்வீடு இருக்குதாம் என்பார்கள். உண்மையில் அதில் கல் தெரியாது, சீமெந்துதான் தெரியும். சீமெந்துக் கல் அடுக்கி, சீமெந்து பூசி, சீமெந்து நிலம் போட்ட வீட்டுக்குத்தான் எங்களிடம் கல்வீடு என்று பெயர். மழையென்ன வெள்ளமென்ன, அதை என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது. ஸ்கைப்பில் மாமியிடம் இவர், கல்வீட்டுக்குப் போறம் அம்மா என்று சொன்னபோது அந்தப் பக்கம் அவர் அழுதுவிட்டார். நாங்கள் இருவரும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் குடிபோனோம்.

குடிபூரலுக்கு பொயிண்ட் குக்கிலிருந்து ஓர் அன்ரி வந்திருந்தார். கார்க்கதவைச் சாத்துவதற்கு முன்னமே முகப்பைப் பார்த்தார், போனைப் பார்த்தார், திரும்ப முகப்பைப் பார்த்தார். "தெற்கு வாசல், பிள்ளை" என்றார், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் சொல்கிற குரலில். இவரோ, யமனுக்கு வெள்ளைக்காரன் வீட்டு விலாசம் தெரியாது அன்ரி என்று சொல்லிச் சமாளித்தார். போனில் திசை பார்த்து, கிழக்கு நோக்கி அடுப்பை வைத்துப் பால் காய்ச்சினோம். பால் பொங்கி நல்ல பக்கமாகத்தான் வழிந்தது. அன்ரி அதற்குப் பிறகு தெற்கைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

பால் காய்ச்சுவதற்கு முன் வீட்டைக் கழுவினோம். அதை எப்படிச் சொல்லாமல் விடுவது? கல்வீடென்றால் கழுவத்தானே வேண்டும். அவர் வாளி வாளியாக மஞ்சள் தண்ணீர் ஊற்ற, நான் தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு போனேன். ஊரில் என்றால் சுவரின் மூலையில் ஓட்டை இருக்கும், தண்ணீர் முற்றத்துக்குப் போய்விடும். இங்கே ஓட்டை இல்லை, நிலம் மரப்பலகை. ஆனால் நான் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் தண்ணீர் பலகை இடுக்குகளுக்குள்ளால் தானாகவே மறைந்துவிட்டது. என்ன வசதியாகக் கட்டியிருக்கிறான் என்று இவர் அந்த இங்கிலாந்துக்காரரை மெச்சினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழுவினோம். போன தண்ணீர் எங்கே போகிறது என்று, கட்டட வரைபடம் கீறிப் பிழைக்கிற நானும் கேட்கவில்லை, ஒரு தோட்டத்துக்கே தண்ணீர் பாய்ச்சுகிற அவரும் கேட்கவில்லை.

மகளுக்குக் கிழக்குப் பக்கத்து முன் அறையைக் கொடுத்தார். வீட்டிலேயே பெரிய அறை, தடித்த சுவர். யன்னலுக்கு நேரே படாமல் இரண்டு கற்சுவர்கள் சந்திக்கும் மூலையில் கட்டிலைப் போட்டார். அன்றைக்கு அவர் தூங்கியதைப் போல நான் அவரைக் கண்டதில்லை. வாயைத் திறந்து, கைகளை விரித்து, யாருக்கும் காவல் இல்லாமல் தூங்கினார். விடிந்து எழும்பியவரின் முகத்தைப் பார்த்தேன், பத்து வயது குறைந்திருந்தது. என்ன பாசி, என்ன தெற்கு, இந்த வீட்டை விட்டு இனி எங்கேயும் போவதில்லை என்று அப்போது நானும்தான் நினைத்தேன்.

குளிர் தொடங்கியது. அந்த வெளியில் காற்றை மறிக்க ஒன்றுமில்லை. கடற்பக்கமிருந்து வருகிற தென்மேற்குக் காற்றும் மழையும் நேராக முகப்பில்தான் அடிக்கும். சுவரின் அடியில், நிலத்தை ஒட்டி, இரும்புக் கம்பி போட்ட சின்னச் சின்னத் துவாரங்கள் வீட்டைச் சுற்றிலும் இருந்தன. பலகை இடுக்கால் காலில் குளிர் ஏறுவது அதனால்தான் என்று இவர் கண்டுபிடித்தார். அந்தப் பக்கம் டைகர் ஸ்நேக் என்று ஒரு பாம்பு வேறு உண்டு. ஒரு சனிக்கிழமை சீமெந்து குழைத்து எல்லாத் துவாரத்தையும் அடைத்தார். பயர்பிளேஸ் இரண்டுக்கும் பலகை வெட்டி வைத்து, ஓரமெல்லாம் நுரை அடித்து மூடினார். கதவுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினார். வேலை முடிந்ததும் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி அறை அறையாகக் கொண்டு திரிந்தார். சுடர் ஆடவே இல்லை. மகள் கைதட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் இருமத் தொடங்கினாள்.

முதலில் பள்ளிக்கூடத்தில் யாரிடமோ தொற்றிய தடிமன் என்று நினைத்தேன். தடிமன் போய்விட்டது, இருமல் மட்டும் போகவில்லை. விடியற்காலையில் தொடங்கும், சின்ன உடம்பு முழுவதும் குலுங்கும், மூச்சை இழுக்கும்போது ஒரு விசில் கேட்கும். கழுத்தடியில் ஒரு குழி விழுந்து விழுந்து எழும்பும். அந்தக் குழியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன பயம் என்று. கேட்டால், "ஐ ஆம் ஓகே, அம்மா" என்பாள். அதைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருக்கும். வேலையில் இருக்கும்போது போன் அடித்தால் பள்ளிக்கூடமாக இருக்குமோ என்று பென்சிலைப் போட்டுவிட்டுப் பாய்ந்து எடுப்பேன். காரில் மூச்சுக்கு அடிக்கிற ஒரு பஃபர், கைப்பையில் ஒரு பஃபர், அவளுடைய புத்தகப் பையில் ஒரு பஃபர். எந்த நேரமும் அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் என் மூச்சு எனக்கு மறந்துவிட்டது.

ஸ்பிரிங்வேலில் நாங்கள் முன்பு போகும் தமிழ் டொக்டரிடம் கொண்டு போனோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். தொய்வு, ஆஸ்துமா என்றார். வீட்டில் ஈரலிப்பு இருக்கிறதா, பூஞ்சணம் இருக்கிறதா என்று கேட்டார். இவர், கல்வீடு டொக்டர், காற்றே உள்ளே வராது என்று பெருமையாகச் சொன்னார். டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிள்ளை இதே மாதிரித் தொடர்ந்தால் வீடு மாறுவதை யோசிக்கச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி இழுத்தால் தன்னிடம் வராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவளுடைய கட்டிலை மூலையிலிருந்து இழுத்தேன். கட்டிலுக்குப் பின்னால், சுவரில், அவள் தலையணை உயரத்துக்குக் கறுப்புக் கறுப்பாகப் பூத்திருந்தது. தொட்டால் சுவர் ஈரம். பிள்ளை இத்தனை நாளும் இதை முகர்ந்துகொண்டா கிடந்தாள் என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பொயிண்ட் குக்கில் வீடு பார்ப்போம் என்றேன். அவர் ப்ளீச் போத்தலோடு வந்து அந்தச் சுவரைத் தேய்த்தார். அங்கே இருக்கிறதெல்லாம் மட்டை வீடு என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். ஒரு பக்கம் பிள்ளையின் மூச்சு. மற்றப் பக்கம் இந்த மனிதர் வாழ்க்கையில் முதல்தரம் தூங்குகிற நித்திரை. எதை எடுத்துக் கொடுத்து எதை வாங்குவது?

பயம் வந்தால் நான் ஏதாவது கீறுவேன். வேலையும் அதுதான், தகரக் கொட்டகைகளுக்கு வரைபடம். அந்த வார இறுதியில் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டை அளந்து, மேசையில் தாளை விரித்து வரைபடம் கீறினேன். எங்கே ஈரம் என்று நீலப் பென்சிலால் நிழல் போட்டேன். முன் அறைகள் இரண்டும் நீலம். நடு அறைகள் கொஞ்சம். குசினியும் பால் அறையும் வெள்ளையாகவே இருந்தன. வீட்டிலேயே சிறந்த சுவர் இருக்கிற இடம் நனைந்து கிடந்தது, பலகைச் சுவர் இருக்கிற இடம் காய்ந்து கிடந்தது. எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கார அம்மா எலுமிச்சம்பழம் பிடுங்க வந்தார். கிணற்றடி மரம் அவர் நட்டது, காய்க்கும் காலத்தில் உரிமையோடு வருவார். தேத்தண்ணீர் கொடுத்தேன். மகளின் அறையைப் பற்றிக் கேட்டார். முன் அறை என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தாங்கள் சிறுவயதில் அந்த அறையில் படுத்ததே கிடையாது என்றார். அது வந்தவர்களை இருத்தவும், செத்தவர்களைக் கிடத்தவும் மட்டும்தானாம். கோடையிலும் அதற்குள் பிரேதம் பழுதாகாது என்று தன் தாய் சொல்வாராம். என் பிள்ளையின் கட்டில் கிடக்கிற அறையைப் பற்றி அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பால் அறையைப் பற்றியும் அவரே சொன்னார். அதில் பால் ஒருநாளும் நின்றதில்லையாம், மத்தியானத்துக்கிடையில் திரைந்துவிடுமாம். பூட்டனின் மனைவி அதற்காக வாழ்நாள் முழுவதும் புருஷனைத் திட்டியிருக்கிறார். கடைசியில் வாளிகளைக் கொண்டுபோய் முன் அறையில்தான் வைத்தார்களாம். பூட்டன் வீட்டைத் தன் தகப்பன் வீட்டின் அச்சாகவே கட்டினார், தலைக்குள் கொண்டு வந்த படத்தை ஒரு கல்லும் மாற்றவில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழப் பையோடு போய்விட்டார்.

நான் மேசைக்குத் திரும்பி வந்து நின்றேன். தலைக்குள் கொண்டு வந்த படம். தாளின் மேல் மூலையில் நான் போட்டிருந்த வடக்கு அம்புக்குறியைப் பார்த்தேன். பிறகு தாளை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன்.

எல்லாம் சரியாக வந்தது. இங்கிலாந்தில் சூரியன் தெற்கால் போகிறவன். அங்கே நல்ல அறைகள் தெற்கைப் பார்க்க வேண்டும், வெயில் விழ. பால் அறை வடக்கில் ஒளிய வேண்டும், நிழலில் குளிர்ந்து கிடக்க. அந்த மனிதர் அதை அப்படியே இங்கே கொண்டு வந்து இறக்கிவிட்டார். இங்கே சூரியன் வடக்கால் போகிறான். அவருடைய வரவேற்பறைக்குக் காலம் முழுவதும் வெயில் இல்லை, பால் அறையில் நாள் முழுவதும் வெயில். அவர் பெருமையோடு தெற்கில் வைத்த முகப்பில்தான் பாசி.

சிரிக்கத்தான் வந்தது. நாங்கள் என்ன திறம்? போனில் கிழக்குப் பார்த்து அடுப்பு வைத்தோம். சூரியன் எந்தப் பக்கத்தால் போகிறான் என்று ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அவன் தலைக்கு மேலால் போகிறவன். எங்களுக்குக் கிழக்கும் மேற்கும்தான் கணக்கு, தெற்கென்றால் யமன், அவ்வளவுதான். அந்த ஆள் இங்கிலாந்து வீட்டை இங்கே கட்டினார். நாங்கள் அதற்குள் போய் யாழ்ப்பாணத்து வீட்டில் இருப்பது போல இருந்தோம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஊற்றிய தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பலகைக்குக் கீழே வெறும் மண். அந்தத் துவாரங்கள் குளிர் வருவதற்கு வைத்ததல்ல. ஈரம் வெளியே போவதற்கு வைத்தது. போகிற வழியை எல்லாம் அடைத்து, மேலே இருந்து தண்ணீரும் ஊற்றி, அதன் நடுவில் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தோம்.

அவர் தோட்டத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். மகள் பின்முற்றத்துப் படியில் வெயிலில் இருந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சோறு போடுவதற்கு முன்னமே நான் தாளை அவருக்குக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கழுவுவதை நிறுத்துவோம் என்றார். துவாரங்களைத் திறக்க வேண்டும், பயர்பிளேஸைத் திறக்க வேண்டும், பிள்ளையைப் பால் அறைக்கு மாற்ற வேண்டும் என்றேன். அங்கேதான் நின்றுவிட்டார்.

"அது பலகை" என்றார். "அது ஒண்டையும் தாங்காது."

"இஞ்ச என்னப்பா வந்து விழப் போகுது?"

"ஓட்டையைத் திறந்தா பாம்பு வரும்."

கம்பி இருக்கிறது, பாம்பு எப்படி வரும் என்றேன். குளிர் வரும் என்றார். போர்த்துவோம் என்றேன். அவர் தாளைப் பார்க்காமல் முன் அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு, "நீர் பயப்பிடாதையும். அந்தச் சுவருக்குள்ள பிள்ளைக்கு ஒண்டும் நடக்காது" என்றார். அந்த நேரம் பார்த்து வெளியே மகள் இருமினாள். சும்மா ஒரு சின்ன இருமல்தான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் வாயெடுத்துச் சொல்லாத சொல்லை எடுத்தேன்.

"பங்கருக்கே ரெண்டு வாசல் வச்சு வெட்டினீங்கள் எண்டு சொன்னனீங்கள். இந்த வீட்டுக்கு ஒண்டும் விடேல்லயே."

கலியாணமான புதிதில் ஒரேயொரு முறை அவர் அதைச் சொல்லியிருந்தார். ஒரு வாசலில் குண்டு விழுந்தால் மற்ற வாசலால் வெளியே வரலாம் என்று. அவசரத்தில் ஒற்றை வாசலோடு வெட்டிய பக்கத்துப் பங்கரைப் பற்றியும் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி எழும்பிப் போனவர். மிச்சத்தை நான் கேட்டதில்லை. அதற்குள் இருந்தவர்கள் காயத்தால் சாகவில்லை, காற்றில்லாமல் செத்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அவர் கையிலிருந்த தாளை மெதுவாக மேசையில் வைத்தார். முகத்தில் இரத்தமே இல்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்குள் கொட்டகைப் பக்கம் நடந்தார். சுத்தியலும் அலவாங்கும் எடுத்து வந்தார். முகப்புக்குப் போய், மகளின் யன்னலுக்கு நேர்கீழே முழந்தாளில் இருந்து, தான் பூசிய சீமெந்தைத் தானே கொத்தினார். நான் சோற்றுச் சட்டியை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கொத்திய விதம் எனக்குப் பயமாயிருந்தது. கல்லுக்கு நோகாமல், ஆனால் உள்ளே யாரோ காத்திருப்பது போல அவசரமாகக் கொத்தினார்.

சீமெந்து ஒரு துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு மணம் வந்தது. ஊறிய மண்ணும் உக்கிய பலகையும் அடைபட்டுக் கிடந்த காற்றும் சேர்ந்த மணம். அவர் முகத்தைத் திருப்பவில்லை. துவாரத்தில் முகத்தை வைத்து அப்படியே இருந்தார். தோள் மட்டும் ஏறி இறங்கியது. நான் முதுகில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழும்பி அடுத்த துவாரத்துக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். சோறு ஆறிப்போனது, யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் பால் அறையைத் துடைத்தேன். வாளி எடுக்கவில்லை, பிழிந்த துணிதான். கற்தட்டில் வெயில் விழுந்து ஏற்கனவே சூடாகியிருந்தது. அவர் வாசலில் நின்று பலகைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். சத்தம் வெறும் பெட்டியைத் தட்டியது போலக் கேட்டது. முகம் சுருங்கியது. வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் மகளைத் தூக்கிக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போவது என்று முடிவெடுத்திருந்தேன். உடுப்புப் பையும் கட்டி வைத்திருந்தேன், அவருக்குத் தெரியாது.

அவர் ஒரு படி இறங்கி உள்ளே வந்தார். குசினிப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடினார். பிறகு குறுக்கே நடந்து, முற்றத்துப் பக்கம் வாளிகள் கொண்டு வர வைத்திருந்த கதவின் தாழ்ப்பாளைத் தூக்கினார். இறுகிக் கிடந்தது. தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார், திறந்துகொண்டது. வெளியே முற்றம், எலுமிச்சை மரம், அதற்கப்பால் தோட்டத்தின் முட்டைக்கோவா வரிசைகள். திரும்பி முதல் கதவைப் பார்த்தார். இரண்டாவது கதவைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "ரெண்டு வாசல் இருக்கு."

கட்டிலை அவரே தூக்கி வந்து போட்டார். நான் உடுப்புப் பையை அவிழ்த்து, உடுப்புகளை மறுபடி அலுமாரியில் அடுக்கினேன்.

இப்போது கோடை தொடங்கிவிட்டது. இருமல் முற்றாகப் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன், எழுதினால் திரும்பி வந்துவிடும் என்று பயம். கழுத்தடிக் குழி விழுவதில்லை, அதை மட்டும் சொல்கிறேன். முன் அறையில் கட்டில் இல்லை, வருகிறவர்களை இருத்துகிறோம். இனி அந்தச் சின்ன அறை வெயிலில் கொதிக்குமே என்று எனக்குப் புதுக் கவலை. அந்த முதல் இரவு போல அவர் இப்போது தூங்குவதில்லை. சில நாட்களில் விடிய எழும்பிப் பார்த்தால், பால் அறைப் படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார், மகளின் மூச்சுக்குப் பக்கத்தில்.

போன கிழமை மகள் தன் அறைக்கு மட்டும் ஏன் இரண்டு கதவு என்று தகப்பனிடம் கேட்டாள். நான் குசினியில் கை வேலையை நிறுத்திவிட்டேன். அவர் பங்கரைப் பற்றி அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

"ஒண்டு எங்களுக்கு, பிள்ளை" என்றார். "மற்றது காத்துக்கு."